திறந்த வாயில்



பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில் ஒரு கல்லூரித் தலைவரை நினைவுகூர விழைகிறேன். எடுவார்டோ பத்ரோன் பதினைந்து வயதில், பெற்றோரைப் பிரிந்து, தம்பியுடன் கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏதிலியாய் வந்தவர். மயாமி நகரில் 1960இல் தொடங்கப்பெற்ற இளநிலைக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. சலித்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரி அன்று அது. நாடி வருவோரைச் சேர்த்துக்கொள்ளும் சமுதாயக் கல்லூரி.

பொருளியலில் முனைவரான பின், 1970இல் அங்கேயே ஆசிரியராய் மீண்டார். 1995 முதல் 2019 வரை அதன் தலைவராய்த் திகழ்ந்தார். கியூப ஏதிலியரை ஒருகாலத்தில் வரவேற்ற 'விடுதலைக் கோபுரம்' 2005இல் அக்கல்லூரியின் உடைமையாயிற்று. 2016இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அவருக்கு நாட்டின் மிகவுயர்ந்த குடிமக்கள் விருதை அணிவித்தார்.

நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. 1984இல் அக்கல்லூரி வளாகத்தில் மயாமி புத்தகத் திருவிழா தோன்றக் காரணமானோருள் அவரும் ஒருவர். கல்விக்குத் திறந்த வாயிலை இலக்கியத்துக்கும் திறந்தார்.

வாயிலைத் திறந்தால் தரம் தாழும் என்பார்க்கு அவர் வாழ்வே விடை. நாளை நம் அரங்கிற்கு ஓர் இளையவர் முதற்கவிதையோடு வரக்கூடும். தளை தட்டலாம், திருத்திக்கொள்ளலாம். திருப்பியனுப்பிய கவிஞரை மீண்டும் அழைத்துவருதல் எளிதன்று.