பசி வெட்டிய கால்வாய்



ஒரு பெரிய நகரத்தில் எத்தனை அடுப்புகள் எரிகின்றன! அந்தக் காலத்தில் அத்தனைக்கும் விறகு எப்படி வந்தது? மாட்டு வண்டியில் கொண்டுவந்தால் கூலி அதிகம். படகில் வந்தால் செலவு குறைவு. தரையில் பாரத்தை இழுப்பது கடினம். தண்ணீரில் மிதக்கும் பாரத்தை இழுப்பது எளிது.

இங்கிலாந்தில் நிலக்கரி கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1761இல் அதைத் திறந்தார்கள். வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி படகில் மான்செஸ்டர் நகருக்குப் போனது. அங்கே கரி விலை பாதியாகக் குறைந்தது. அதை அமைத்த பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. எழுதுவதே அவருக்குச் சிரமம்.

சென்னைக்கு விறகு கொண்டுவந்தது பக்கிங்காம் கால்வாய். முதலில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள். பிறகு அது வளர்ந்தது. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. கடலோரச் சவுக்கு விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன.

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை மக்களை வாட்டியது. மைசூர் நாட்டையும் பெங்களூரையும் அது விடவில்லை. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

மண் வெட்டினால்தான் கூலி என்றது அரசு. 1877இல் ஓர் ஆணுக்கு நாள் கூலி எவ்வளவு தெரியுமா? ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று கார்னிஷ் என்ற மருத்துவர் வாதாடினார். பிறகுதான் சற்று உயர்த்தினார்கள்.

அந்தப் பஞ்சத்தில்தான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். வெட்டியவர்கள் பசித்த மக்கள். கால்வாய்க்கு வைத்த பெயரோ ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். மண் சுமந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை.

பின்னாளில் ரயிலும் லாரியும் வந்தன. 1960களில் புயல்கள் கரையை உடைத்தன. படகுகள் குறைந்தன. சென்னைக்குள் கால்வாயில் சாக்கடை கலந்தது. பறக்கும் ரயிலின் தூண்களும் அதற்குள் எழுந்தன.

இனி அதனால் பயனில்லை என்று பலர் எண்ணினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பல இடங்களில் கடல் நீரைக் கால்வாய் தனக்குள் வாங்கிக்கொண்டது. பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. படகு போகாவிட்டாலும் கால்வாய் கால்வாய்தான்.

பெங்களூரிலும் ஏரியோடு ஏரியை இணைக்கும் ராஜ கால்வாய்கள் உண்டு. அவற்றில் படகு போனதில்லை. மழைநீர் போகும் வழி அவை. பல இடங்களில் அவற்றின்மேல் கட்டடங்கள் எழுந்தன. 2022 செப்டம்பரில் பெருமழை பெய்தது. போக வழியில்லாத நீர் வீடுகளுக்குள் புகுந்தது. மக்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி மீட்டார்கள்.

உங்கள் தெருவின் மழைநீர் எந்த வழியாகப் போகிறது? அந்த வழி அடைபட்டிருக்கிறதா? நான்கு பேர் சேர்ந்து போய்ப் பாருங்கள். அடைபட்டிருந்தால் மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். அன்று மண் வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் மனுவின் கீழே உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.