ஆராதனை ஒருவருக்கே

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற முத்தின வழிபாட்டின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை)



ஒரே கடவுளை மட்டும் ஆராதிக்க வேண்டும் என்பது சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த முதல் கட்டளை. மனப்பாடம் செய்ததை வாழ்ந்து காட்டியிருக்கிறோமா என்று, கொடியேற்றத்திற்கும் தேர்ப்பவனிக்கும் முன்பாக, இன்று மாலை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

நாம் வாழும் கிண்டி இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ளது. வடக்கே சின்னமலை, தெற்கே பரங்கிமலை. இரண்டுமே புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்பவை. அந்தத் தோமையார் உயிர்த்த ஆண்டவரின் காயங்களைக் கண்டார். கண்டது காயத்தை, ஆனால் அவர் ஆராதித்தது காயத்தை அன்று. தம் ஆண்டவரும் கடவுளுமாக இயேசுவையே அறிக்கையிட்டார். கண்ணால் காண்பதைக் கடந்து கடவுளிடம் செல்வதே அவர் நமக்குக் காட்டிய வழி.

பரங்கிமலை ஆலயப் பீடத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் அங்கே நிலத்தைத் தோண்டியபோது கிடைத்தது அது. அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. அதன் முன் முழந்தாளிடுகிறோம். அப்படியானால் நாம் கல்லையா வணங்குகிறோம்? பிரிந்த சகோதரர்கள் பலமுறை நம்மிடம் கேட்கும் கேள்வி இது. 787ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம் இதற்குத் தெளிவான விடை தந்தது. உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அந்த உருவம் குறிக்கும் ஆளையே சேர்கிறது. புனிதர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம். தேவமாதாவுக்குச் செலுத்துவது மேலான வணக்கம். ஆராதனையோ இறைவன் ஒருவருக்கே.

விடை தெரிந்துவிட்டது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். பாலைவனத்தில் மோயீசன் செய்த வெண்கலப் பாம்பை நினைத்துப் பாருங்கள். இறைவனே செய்யச் சொன்னது அது. அதை நோக்கியவர்கள் பிழைத்தார்கள். ஆயினும் பல நூற்றாண்டுகள் கழித்து மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்து நொறுக்கினார். நல்ல பொருளும், புனிதப் பொருளுங்கூட, கடவுளின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியும்.

நம் ஆலயத்திலேயே பார்க்கிறோம். திவ்விய நற்கருணைப் பேழையின் முன் தலைகூடத் தாழ்த்தாமல் கடந்து சென்று, சுரூபத்தின் பாதத்தை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்தக் கோயில் மாதாவுக்குச் சக்தி அதிகம், இந்தக் கோயில் மாதாவுக்குக் குறைவு என்று பேசுகிறோம். நேர்ச்சையை, கொடுத்து வாங்கும் வியாபாரமாக்கிவிடுகிறோம். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று பயமுறுத்தும் செபத்தை நடுங்கிக்கொண்டே கைபேசியில் அனுப்பி வைக்கிறோம். இது விசுவாசம் அன்று, பயம்.

இனி வேறொரு விக்கிரகத்தைப் பார்ப்போம். இரு மலைகளுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிரைப் பந்தயம் நடந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் திறமை சார்ந்த விளையாட்டு என்றே தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து பந்தயத் திடலை மூடியது. திடல் மூடப்பட்டது, நம் மனத்திலுள்ள திடல் மூடப்பட்டதா? சம்பளத்தைப் பந்தயத்தில் வைக்கும் ஆசை இன்று கைபேசிக்குள் குடியேறிவிட்டது. பேராசையும் விக்கிரக ஆராதனையே என்று புனித பவுல் கொலோசையருக்கு எழுதினார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சூதாட்டத்துக்குக் கொடுக்கும் தகப்பன் எந்தத் தெய்வத்துக்குப் பலியிடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

1958இல் தொடங்கிய நம் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்கள் நம்முள் பலர். ஆயுத பூசை நாளில் என்ன செய்வது என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. ஆகவே உடன் உழைப்போரைக் கேலி செய்யாதீர்கள். பட்டறையைக் கழுவித் துடைக்க முதல் ஆளாய் நில்லுங்கள். பூசை வேளையில் அமைதியாக ஒதுங்கி நின்று, உழைக்கும் கைகளைத் தந்த இறைவனுக்கு நன்றி கூறுங்கள். அதே சமயம், கூடுதல் சம்பளத்துக்காக ஞாயிறு திருப்பலியை ஆண்டு முழுவதும் விட்டுவிடுகிறவர், எந்திரத்துக்குப் பூ வைக்காமலே அதை ஆராதிக்கிறார் என்பதையும் மறவாதிருப்போம்.

எல்லாவற்றிலும் கொடிய விக்கிரகம் சாதி. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக ஆலயத்தைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே அப்பத்தை உண்டவர்கள் சுவருக்காகப் போராடினார்கள்! இன்று நம் ஆலயத்தில் சுவர் இல்லை. ஆனால் பெண் பார்க்கும்போது, அன்பியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத சுவர் எழும்புகிறதே! ஞானஸ்நானத்தைவிடச் சாதியைப் பெரிதாக மதிப்பவர் முதல் கட்டளையை மீறுகிறார்.

விழாக் குழுவினராகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். தேரை முதலில் யார் தொடுவது, கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்று இரண்டு கூட்டங்களை வீணடித்தோம். மூன்றாம் கூட்டத்தில் பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “கல்வெட்டில் ஆண்டவர் பேருக்கு இடம் இருக்கா ஐயா?” என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம். பெயர்கள் இல்லாமலே கல்வெட்டு வைப்பதென அன்றே முடிவாயிற்று.

அன்பர்களே, இவ்விழாவின் நினைவாக மூன்று தீர்மானங்கள் செய்வோம். ஆலயத்தில் நுழைந்ததும் முதலில் நற்கருணை ஆண்டவரை ஆராதிப்போம். பந்தயத்துக்கும் சூதுக்கும் ஒரு காசும் கொடுப்பதில்லை என்று வீட்டில் குடும்பமாகச் சேர்ந்து வாக்களிப்போம். தேர் வடம் பிடிக்கும் நாளில், நாம் இதுவரை ஒதுக்கி வைத்தவரின் கையருகே நம் கையை வைப்போம்.

இரு மலைகளின் நிழலில் நம்மை வாழவைக்கும் இறைவன் ஒருவருக்கே மகிமையும் ஆராதனையும் உண்டாவதாக. ஆமென்.