விமானங்களைப் படம் பிடிப்போர்



ஆகாயத்திலே விமானத்தின் ஓசை கேட்டதும் அண்ணாந்து பாராத குழந்தை இல்லை. வயது ஏறியபின் நம்மிற் பெரும்பாலோர் அவ்வழக்கத்தை விட்டுவிடுகிறோம். விடாத சிலர் உலகெங்கும் உளர். கமராவும் நீண்ட வில்லையும் ஏந்தி, விமானத் தளங்களின் வேலியோரத்தில் மணிக்கணக்காகக் காத்து நிற்போர் அவர்கள். அவர்தம் கலையைப் பற்றியும், அதனோடு தொடர்புடைய இரு சம்பவங்களைப் பற்றியும் இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

முதலில் வில்லையைக் கவனிப்போம். 35 மில்லிமீற்றர்க் கமராவில் வழக்கமாகப் பொருத்தப்படும் வில்லையின் குவியத் தூரம் 50 மில்லிமீற்றர் ஆகும். 37 மீற்றர் நீளமான விமானமொன்று 500 மீற்றருக்கு அப்பாற் பறக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அவ்வில்லை அதனை 4 மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒரு கீறாகவே பதியும். 400 மில்லிமீற்றர் வில்லையோ அதனை ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் நீளத்திற் காட்டும். படச் சட்டத்தின் அகலமே 36 மில்லிமீற்றர்தான்.

இத்துணை நீண்ட குவியத் தூரத்தை அதனிலும் குறுகிய குழாயினுள் அடக்குவதே தொலைப்பட வில்லையின் நுட்பம். முன்னே ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதியும், பின்னே அதனைச் சற்று விரிக்கும் தொகுதியும் அமைந்திருக்கும். 1891ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே டால்மேயர் என்பவரும், ஜேர்மனியிலே மீத்தே, ஸ்டைன்ஹைல் என்போரும், ஒருவரையொருவர் சாராது இதனை அமைத்தனர்.

விமானத்தைப் பெருப்பிக்கும் வில்லை கை நடுக்கத்தையும் பெருப்பிக்கும். தரையிறங்கும் பெரிய விமானம் மணிக்குச் சுமார் 260 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 72 மீற்றர் வேகத்தில் வருகிறது. 500 மீற்றர் தொலைவில் 400 மில்லிமீற்றர் வில்லைக்குத் தெரியும் அகலம் 45 மீற்றரே. கமராவை அசையாது பிடித்தால், விமானத்தின் மூக்கு முக்காற் செக்கனுக்குள் சட்டத்தைக் கடந்து மறைந்துவிடும். ஆகவே, காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, விமானத்தின் கதியிலேயே கமராவையும் கொண்டுசெல்லப் பழகவேண்டும்.

விசிறி பூட்டிய விமானமாயின் இன்னுமொரு சிக்கல் உண்டு. நிமிடத்திற்கு 1,200 தடவை சுழலும் விசிறியை, செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில் படம் பிடித்தால், அது ஏழு பாகையளவே திரும்பியிருக்கும். இயந்திரம் நின்றுபோன விமானம் அந்தரத்திலே தொங்குவது போலப் படம் அமையும். செக்கனின் 125இல் ஒரு பங்கு கொடுத்தால், விசிறி 58 பாகை திரும்பும். ஆறு அலகுடைய விசிறியில் அலகுக்கு அலகு 60 பாகை இடைவெளியாதலால், அது முழு வட்டமாக, மெல்லிய திரை போலப் பதியும். ஆனால் அத்துணை நேரத்திற் கை சிறிது பிசகினாலும் விமானமே மங்கிப்போகும்.

வெயில் ஏறியதும் ஓடுபாதையின் மேற் கானல் எழும். எவ்வளவு பொருள் கொடுத்து வாங்கிய வில்லையும் இடையிலுள்ள காற்றைத் திருத்தமாட்டாது. அதிகாலையிற் செல்லலாம்; அல்லது அருகிற் செல்லலாம். அருகிற் செல்வதற்கோ வேலி தடையாகிறது. அந்த வேலியிலேதான் பொழுதுபோக்குச் சட்டத்தோடு மோதுகிறது.

2001ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப் படைத் தளத்திற்குச் சென்ற விமான ஆர்வலர் பதினால்வர், ஒற்றர் எனக் கைதுசெய்யப்பட்டனர். பன்னிருவர் பிரித்தானியர், இருவர் ஒல்லாந்தர். விமான எண்களைக் குறித்தெடுப்பதும் ஒரு பொழுதுபோக்கு என்பதை அங்குள்ள அதிகாரிகள் நம்பவில்லை. ஐந்து வாரமளவில் அவர்கள் சிறையிலிருந்தனர். 2002 ஏப்ரலில் எண்மருக்கு மூன்றாண்டுச் சிறையும், அறுவருக்கு ஒத்திவைத்த ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

மற்றச் சம்பவம் ஸ்பானிய நாட்டின் மயோர்க்காத் தீவிலே நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், பல்மா விமான நிலையத்தில் ஆர்வலர் ஒருவர் போயிங் 737 விமானமொன்றைப் படம் பிடித்தார். அதன் பதிவெண் என் 313 பி. அவருக்கு அது அன்று கிடைத்த மற்றுமொரு படமேயாகும். அன்றிரவே அவ்விமானம் மசிடோனியாவின் ஸ்கோப்யே நகருக்குச் சென்று, ஜேர்மன் குடிமகன் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆப்கானித்தானத்திற்குப் பறந்தது. அமெரிக்க உளவு நிறுவனம் வேறொருவரென மயங்கி அவரைப் பிடித்து, மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தது. விடுதலையானபின் அவர் கூறிய கதையை முதலிற் பலர் நம்பவில்லை. பறப்புப் பதிவுகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தின. பல்மாவில் எடுத்த படமோ அவ்விமானத்தை உலகின் கண்முன் நிறுத்தியது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மசிடோனியாவைப் பொறுப்பாளியெனத் தீர்த்தது.

ஓரிடத்திற் சிறைக்கு இட்டுச்சென்ற பழக்கமே மற்றோரிடத்தில் உண்மைக்குத் துணைநின்றது. ஆகவே, இக்கலையிற் புகும் இளைஞர்க்கு இரண்டு சொல்வேன். செல்லும் நாட்டின் சட்டத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இராணுவத் தளத்தருகே அனுமதியின்றிக் கமராவை வெளியில் எடுக்காதீர்கள். எடுத்த படத்திலோ, நாளையும் இடத்தையும் பதிவெண்ணையும் தவறாது குறித்து வையுங்கள். இன்று உங்களுக்கு வெறும் படமாயிருப்பது, என்றோ ஒருநாள் முன்பின் அறியாத ஒருவருக்குச் சாட்சியாகலாம்.