அயல்வீட்டில் ஒரு செய்நிரல்

கோப்பு ஒன்றைத் திறத்தல், திரையிற் சாளரம் வரைதல், அச்சுப்பொறிக்கு ஒரு பக்கத்தை அனுப்புதல் ஆகிய எதனையும் கணினிச் செய்நிரல் தானே செய்வதில்லை. ஒவ்வொன்றிற்கும் கணினியை ஆளும் பணிசெயல் முறைமையிடம் அது விண்ணப்பம் செய்கின்றது. விண்டோஸ் முறைமைக்கென எழுதப்பட்ட செய்நிரல் விண்டோஸ் அறிந்த பெயர்களாலேயே அவ்விண்ணப்பத்தைச் செய்யும். லினக்ஸ் முறைமை ஆளும் கணினியில் அதனைக் கொண்டுவந்து வைத்தால், அப்பெயர்களுக்கு மறுமொழி சொல்வார் ஒருவரும் இரார். பொறி ஒன்றே ஆயினும் செய்நிரல் வாயிலிலேயே நின்றுவிடும்.

இதனால் இடர்ப்படுவோர் பலர். ஒரு கடையின் பல்லாண்டுக் கணக்குகள் ஒரேயொரு செய்நிரலில் மட்டுமே திறக்கும் எனக் கொள்வோம். முறைமையை மாற்ற எண்ணும் கடைக்காரர் கணக்கையும் கைவிட நேரும். அச்சத்தால் அவர் பழைய முறைமையிலேயே தங்கிவிடுவார்.

இதற்கு வழி தேடி 1993 ஆம் ஆண்டிற் சில செய்நிரலாளர் தொடங்கிய முயற்சியே ‘வைன்’ என்பது. மறு ஆண்டில் அதன் பொறுப்பை ஏற்றவர் அலெக்ஸாந்தர் ஜூலியார். ‘வைன் ஓர் எமியுலேற்றர் அன்று’ என்பது அப்பெயரின் விரிவு. பெயருக்குள்ளேயே பெயர் ஒளிந்திருப்பது கணினியாளருக்கு உகந்த விளையாட்டு. எனினும் அதிற் பொருளுமுண்டு. எமியுலேற்றர் என்பது ஒரு பொறி முழுவதையும் மற்றொரு பொறிக்குள் நடித்துக் காட்டுவது. ஆகவே வேகம் குன்றும். வைனோ செய்நிரலின் கட்டளைகளைச் செயலியிடம் நேரே விட்டுவிட்டு, விண்டோஸை நோக்கி வரும் விண்ணப்பங்களை மட்டும் தான் ஏற்று, லினக்ஸ் அறிந்த விண்ணப்பங்களாக மாற்றிக் கொடுக்கின்றது. செய்நிரல் ‘சி’ என அழைக்கும் வட்டு, உண்மையில் ஒரு சாதாரணக் கோப்புறையேயாகும்.

சொல்லுமளவுக்கு இது எளிதன்று. விண்டோஸின் மூல நிரல் வெளியார்க்குக் காட்டப்படாதது. அதனைக் கண்டவர் எவரும் வைனுக்கு எழுதலாகாது என்பதும் அப்பணியாளரின் உறுதியான விதி. எனவே சிறு சோதனை நிரல்களை உண்மையான விண்டோஸில் ஓட்டி, அது என்ன விடை தருகின்றதென அறிந்து, அதே விடை தருமாறு தாமே எழுதவேண்டியதாயிற்று. பிழையான விடையாயினும் அவ்வாறே. பழைய சமையற்காரன் நாள்தோறும் உப்பை மிகுத்திட, வீட்டார் தம் கையாற் சிறிது நீர் சேர்த்து உண்ணப் பழகிவிட்டனர் என்க. புதியவன் அளவாக உப்பிட்டால் அன்றைக்குக் குழம்பு சப்பிட்டுப்போகும். விண்டோஸின் குறைகளை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்களும் அத்தகையனவே.

வைனின் முதலாம் பதிப்பு முழுமை பெற்று வெளிவந்தது 2008 ஆம் ஆண்டில்; பதினைந்து ஆண்டு உழைப்பு! அதன்மேல் எழுந்த ‘புரோட்டன்’ 2018 இல் வெளிவந்தபின், விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட எண்ணற்ற விளையாட்டுகள் லினக்ஸில் ஓடலாயின. ஓடாதனவும் உள, முறைமையின் அடித்தளத்தையே தொட விரும்பும் காவற் செய்நிரல்கள் அவற்றுட் சில. மற்றொரு வேடிக்கை, விண்டோஸுக்கென எழுதிய நச்சுநிரலும் சில வேளைகளில் வைனில் நன்றாகவே ஓடும்.

மைக்ரோசொவ்ற் நிறுவனமும் எதிர்த்திசையில் இதனை முயன்றது. லினக்ஸ் செய்நிரல்களின் விண்ணப்பங்களை விண்டோஸுக்கு மாற்றித்தரும் அமைப்பொன்றை அது 2016 இல் வெளியிட்டது. 2019 இல் அறிவித்த இரண்டாம் அமைப்பிலோ மொழிமாற்றத்தை விடுத்து, லினக்ஸின் மெய்யான கருவையே விண்டோஸுக்குள் குடியமர்த்திவிட்டது. செல்வமும் ஆள்வலிமையும் மிக்க நிறுவனமே அவ்வாறு செய்தமை, வைன் ஏற்றுக்கொண்ட பணி எத்துணைக் கடியது என்பதைக் காட்டும்.

1990களின் முற்பகுதியில் எழுதப்பட்ட பதினாறு பிற்று விண்டோஸ் செய்நிரல்களை, அறுபத்துநான்கு பிற்று விண்டோஸ் இன்று ஏற்பதில்லை. பிறந்த வீடு கதவடைத்த அச்செய்நிரல்களுட் பல, லினக்ஸ் கணினியில் வைனின் துணையோடு இன்றும் ஓடுகின்றன.