நில் என்றால் நிற்க வேண்டும்



காலை எட்டரை மணிக்குப் பெங்களூரின் அல்சூர், சிவாஜி நகர் பக்கம் போய்ப் பாருங்கள். சின்னத் தெருக்கள் பெரிய சாலையில் வந்து சேரும். அந்த முனைகளில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கக் காத்து நிற்பார்கள். முதுகில் புத்தகப் பை. கையில் சாப்பாட்டுக் கூடை. வண்டிகளோ நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

இப்படி ஒரு முனையில் வசிக்கும் மக்கள் கூடிப் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். "இங்கே 'நில்' பலகை வேண்டுமா, வேண்டாமா?" இதுதான் பேச்சு.

பூ விற்கும் அம்மா சொல்கிறார்: "தினமும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருவரும் வழி விடுவதில்லை. பலகை கட்டாயம் வேண்டும்."

ஆட்டோ ஓட்டுபவர் மறுக்கிறார்: "அக்கா, முனைக்கு முனை நின்றால் என் பிழைப்பு என்ன ஆவது?"

மளிகைக் கடைக்காரர் சொல்கிறார்: "பலகையை யார் மதிப்பார்கள்? வேகத்தடை போடச் சொல்லுங்கள்."

ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுந்திருக்கிறார்: "கண்ட இடத்தில் போடக் கூடாது ஐயா. வெள்ளை வர்ணமும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லாத வேகத்தடை இரவில் தெரியாது. பைக்கில் வருபவர் விழுந்துவிடுவார்."

யார் சொல்வது சரி? ஒவ்வொருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில் பலகையைத் தெரிந்துகொள்ளுங்கள். 'நில்' பலகை சிவப்பு நிறம். அதற்கு எட்டு மூலைகள். அதில் வெள்ளை எழுத்தில் 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் எட்டு மூலையைப் பார்த்தே அதை அடையாளம் காணலாம்.

இந்தப் பலகை பெரிய சாலையில் நிற்பதில்லை. அதில் வந்து சேரும் சின்னத் தெருவின் முனையில்தான் நிற்கும். தெருவிலிருந்து வரும் வண்டி வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்து, ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம்தான் ஆகும். அதனால் ஆட்டோக்காரரின் பிழைப்பு கெடாது.

இதைச் சட்டமும் சொல்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. 'நில்' பலகையை மீறுவதை அதன் 184-வது பிரிவு ஆபத்தாக வண்டி ஓட்டுவதில் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

அப்படியானால் பெரிய சாலையில் வரும் வண்டிகளை என்ன செய்வது? அங்கேதான் வேகத்தடை உதவும். பள்ளி இருப்பதைக் காட்டும் முக்கோணப் பலகையும், சாலையைக் கடக்கும் வரிக்கோடுகளும் வேண்டும்.

வேகம் ஏன் குறைய வேண்டும்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். பிள்ளையைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால், அதே நொடியில் வண்டி 8 மீட்டர்தான் ஓடும். மிச்சம் 6 மீட்டர். அந்த 6 மீட்டரில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கலாம்.

கூட்டத்தில் ஒரு பெண் இதுவரை பேசவில்லை. இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். சிலேட்டில் அந்த முனையை வரைந்து காட்டுகிறார்.

"பலகை இங்கே வரும். ஆனால் அண்ணே, உங்கள் கடை மூட்டைகள் இந்த மூலையில் இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு பைக். பிள்ளைகள் உயரம் குறைவு. வருகிற வண்டி அவர்களுக்குத் தெரியாது. வண்டிக்காரருக்கும் அவர்களைத் தெரியாது. பலகை வந்தாலும் மூட்டைதானே அதை மறைக்கும்?"

எல்லோரும் கடைக்காரரைப் பார்க்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கே எடுத்துவிடுகிறேன் அம்மா" என்கிறார்.

நண்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு முனை இருக்கும். அதற்கு மனு எழுதுங்கள். இடம் எது, எந்த நேரத்தில் ஆபத்து, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். போக்குவரத்துக் காவல் நிலையத்தில் ஒன்று கொடுங்கள். 2025-ல் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. உங்கள் பகுதி எதில் சேர்ந்தது என்று கேட்டு, அங்கே ஒன்று கொடுங்கள். இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லையா? 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி, "எங்கள் மனு என்ன ஆயிற்று?" என்று எழுதிக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

பலகை வரச் சில மாதங்கள் ஆகலாம். மூலையில் கிடக்கும் மூட்டையை எடுக்க அரை மணி நேரம் போதும். அதை நாளைக் காலை பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.