பிறர் பிள்ளைக்கும் தாய்ப்பால்



வங்கி என்றவுடன் நமக்குப் பணமே நினைவிற்கு வருகிறது. இரத்த வங்கியையும் நம்மிற் பலர் அறிவோம். தாய்ப்பாலுக்கும் வங்கி உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு கிலோ எடை மட்டுமே உள்ள குழந்தையை எண்ணிப் பாருங்கள். உறிஞ்சிக் குடிக்கும் வலிமை அதற்கு இராது. மெல்லிய குழாய் வழியாக, வேளைக்கு 1 அல்லது 2 மில்லி லிட்டர் பால் கொடுத்தே தொடங்குவர். மாட்டுப் பாலிலிருந்து செய்த மாவுப் பாலை ஊட்டினால், இளங்குடல் அழுகும் கொடிய நோய் வரும் அபாயம் கூடுகிறது. தாய்ப்பால் அதனைக் குறைக்கிறது. ஆனால் ஈன்றவள் நோயுற்றிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். முற்காலத்தில் அண்டை வீட்டுத் தாய் தன் பாலைக் கொடுத்து உதவினாள். பாலின் வழியே தொற்றும் நோய்களை அறிந்துவிட்ட இக்காலத்தில், அவ்வுதவியைச் சோதனை செய்து வழங்க ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

இவ்வேற்பாட்டை நன்கு நடத்திக் காட்டிய நாடு பிரேசில். 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளின் பூர்வீகமும் அந்நாடே. ரியோ டி ஜெனிரோ நகரில் 1943-இல் முதல் வங்கி தோன்றியது. தொடக்கக் காலத்தில் பால் கொடுத்த தாய்மாருக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் இருந்தது. வறுமையில் வாடும் ஒரு பெண், தன் பிள்ளைக்குரியதைக் காசுக்கு விற்க முனைந்தால் அவள் பிள்ளையின் கதி என்ன? கூலிக்கு உழைக்கும் நமக்கு இக்கேள்வியின் கூர்மை எளிதில் விளங்கும். 1985-க்குப் பின் அங்கு முறை மாற்றப்பட்டது. பால் விற்பனைப் பொருள் அன்று. தன் குழந்தை குடித்து எஞ்சியதையே தாய் தானமாக அளிக்கலாம் என்று விதித்தனர். இன்று அங்கு 200-க்கும் மேற்பட்ட வங்கிகள் உள்ளன. சில நகரங்களில் தீயணைப்புப் படையினரே வீடு வீடாகச் சென்று பால் பெற்று வருகின்றனர். விலையுயர்ந்த கலங்களும் இல்லை. காப்பித் தூள் வந்த கண்ணாடிப் போத்தலைக் கழுவி, 15 நிமிடம் கொதிக்க வைத்துப் பயன்படுத்துகின்றனர். ஏழை நாடுகள் பின்பற்றத்தக்க சிக்கனம் என்றே நாம் கருதுகிறோம்.

பால்மரம் வெட்டுவோருக்கு இத்தொழிலின் நுட்பம் புதிதன்று. மரப்பாலை அப்படியே விட்டுவைத்தால் உறைந்துவிடும். அம்மோனியா சேர்த்துக் காக்கிறோம். வாளியில் நீர் கலந்திருந்தால் சோதனையில் வெளிப்பட்டுவிடும். தாய்ப்பால் வங்கியிலும் பால் புளித்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கின்றனர். தானம் செய்யும் தாயின் இரத்தத்தையும் எச்.ஐ.வி., மஞ்சட்காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவற்றுக்காகச் சோதிக்கின்றனர். பின்னர்ப் பாலை 62.5 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமிகளை அழித்து, உடனே குளிரச் செய்து, உறைய வைக்கின்றனர். கொதிக்க விடுவதில்லை, கொதித்தால் பாலின் நோய் எதிர்க்கும் ஆற்றல் பெரிதும் அழிந்துவிடும்.

ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பாயின் சயான் மருத்துவமனையில் அமைந்தது. அமைத்தவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார். தாராவிக் குடிசைவாசிகள் நாடிச் செல்லும் மருத்துவமனை அது. தொற்று நோயால் பச்சிளங் குழந்தைகள் மடிவதைக் கண்ட அவர், புட்டிப்பாலை முன்னரே நிறுத்தியிருந்தார். வங்கி அதன் பின்னர் வந்தது. இவ்வரிசை முக்கியமானது. தாய்மாரைத் தாமே பாலூட்டச் செய்யாத மருத்துவமனையில் வங்கி வைப்பதால் பயன் சிறிதே.

புட்டிப்பாலின் தீங்கை முதலில் உரக்கச் சொன்ன இடங்களுள் நம் வட்டாரமும் ஒன்று. 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருளில் உரையாற்றினார். இனிப்பிட்ட டின் பாலைக் குழந்தைக்கு உகந்ததென்று தாய்மாரிடம் விற்பதை அவர் கொலைக்கு நிகராகக் கண்டித்தார். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு விடியுமுன் வேலைக்காட்டுக்குச் சென்ற அன்னையருக்கு, அந்த டின் பால் எத்தனை எளிதாகத் தோன்றியிருக்கும்!

இனி, நம்மைச் சுற்றி வாழும் முஸ்லிம் அன்பர்களின் தயக்கத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஒரே தாயிடம் பால் குடித்தோர் உடன்பிறந்தோர் போன்றோர். அவர்கள் மணந்துகொள்ளலாகாது என்பது இஸ்லாமிய நெறி. பலர் பாலைக் கலந்து, பெயர் தெரியாமல் வழங்கினால் பிற்காலத்தில் உறவை அறிவது எங்ஙனம்? டாக்காவில் 2019-இல் அமைக்கப்பட்ட வங்கி, இக்காரணத்தால் எழுந்த எதிர்ப்பினால் இயங்காமல் நின்றது. இதனை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. ஒரு தாயின் பாலை மற்றொருவர் பாலோடு கலக்காமல் தனித்து வைத்து, கொடுத்தவர் யார், பெற்ற குழந்தை யார் என்பதைப் பதிவேட்டில் எழுதி, இரு குடும்பத்தாருக்கும் அறிவிக்கலாம். வேலை சற்றுக் கூடும். ஆயினும் போத்தலில் பெயரொட்டி எழுதுவதற்கு ஆகும் செலவு பெரிதன்று.