கட்லா வாய் மேல, மிர்கால் வாய் கீழ: மீன் தலையை வடிவமைக்கிறது எது?

இன்னைக்கு எபிசோட் மீன் தலையைப் பத்தி. குழம்புல கிடக்கிற தலையோட ருசியைப் பத்தி இல்ல, அந்தத் தலைக்கு அந்த வடிவம் எப்படி வந்துச்சுங்கிறதைப் பத்தி. நம்ம மதுரைப் பக்கத்துக் கண்மாயில ஆரம்பிச்சு, ஆப்பிரிக்காவுல மலாவி ஏரி வரைக்கும் போயிட்டு, திரும்பக் கண்மாய்க்கே வந்துருவோம். ஏன்னா இந்தக் கதையில கண்மாய் குத்தகை எடுக்கிறவங்க பணமும் மாட்டிக்கிட்டு இருக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில கண்மாய் நிறையும். தண்ணி நின்னதும் மீன் குஞ்சு வாங்கி விடுவாங்க. பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். மூணுக்கும் பூர்வீகம் கங்கை மாதிரியான வடக்கு ஆறுகள். கோடையில தண்ணி வத்துறப்போ பிடிப்பாங்க. ஆக, நேரம் ரொம்பக் கம்மி. சில மாசத்துக்குள்ள கண்மாயில இருக்கிற இரை எல்லாம் மீனா மாறியாகணும்.

சரி, ஏன் மூணையும் சேர்த்து விடுறாங்க? பதில் வாயில இருக்கு. கட்லாவுக்குப் பெரிய தலை, வாய் மேல் நோக்கித் திறக்கும், கீழ்த்தாடை துருத்திக்கிட்டு இருக்கும். அது மேல் தண்ணியில மிதக்கிற நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகுவுக்குத் தலை சின்னது, உதட்டோரம் ஜாலர் வெச்ச மாதிரி இருக்கும். அது நடுத்தண்ணி மீன். மிர்காலோட வாய் கீழ் நோக்கி இருக்கும். தரையில மக்கிக் கிடக்கிறதைத் தின்னும். ஒரே கண்மாய், மூணு மாடி, மூணு குடித்தனம். யாரும் யாரு சோத்துலயும் கை வைக்கிறதில்ல.

மதுரைக்காரங்களுக்கு இந்த லாஜிக் புதுசு இல்ல. அயிரை மீனை ஆக்குறதுக்கு முன்னாடி உயிரோட விட்டு மண்ணைக் கக்க வைக்கிறோமே, எதுக்கு? அது மண்ணையும் இரையையும் சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள்ளேயே சலிச்சுத் தின்கிற மீன். அதோட வாய் எப்படியோ, அப்படித்தான் நம்ம சமையலும்.

இப்போ சயின்ஸுக்கு வருவோம். கட்லா, ரோகு, மிர்கால் மூணுக்குமே குரோமோசோம் எண்ணிக்கை 50தான். கட்லாவையும் ரோகுவையும் கலந்தா குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் இனப்பெருக்கம் செய்யும். பல ஆய்வாளர்கள் இப்போ கட்லாவை ரோகு இருக்கிற லேபியோ பேரினத்துலயே சேர்த்துட்டாங்க. அவ்வளவு நெருங்கின சொந்தம். அப்புறம் தலை மட்டும் எப்படி இவ்வளவு வேற?

முட்டைக்குள்ள மீன் உருவாகுறப்போ, முதுகுப் பக்கம் மூளை உருவாகிற இடத்தோட ஓரத்துல இருந்து ஒரு வகை செல்கள் கிளம்பும். நரம்பு முகட்டுச் செல்கள்னு பேரு. அதுங்க கீழ் நோக்கி நகர்ந்து, முகம் வர வேண்டிய இடத்துக்கு வந்து சேரும். தாடை எலும்பு, குருத்தெலும்பு எல்லாம் பெரும்பாலும் அதுங்க கட்டுறதுதான். ஆனா, நீ மேல் தாடையா, கீழ்த் தாடையாங்கிறதை அந்த இடத்துல வேலை செய்ற ஜீன்கள்தான் சொல்லும்.

உதாரணத்துக்கு எண்டோதெலின்-1 ஜீன். வரிக்குதிரை மீன்னு ஒரு குட்டி மீன் உலகம் முழுக்க ஆய்வகங்கள்ல வளருது. அதுவும் கெண்டை வகையறா, ரோகுவுக்குத் தூரத்துச் சொந்தம். அதுல இந்த ஜீன் கெட்டுப்போனா கீழ்த்தாடை சரியா உருவாகவே உருவாகாது. 2000-ல வந்த ஆய்வு இது.

நான் தினமும் கோட் எழுதுறவன், அதனால எனக்கு இப்படித்தான் புரியுது. ஒரே கோட்பேஸை மூணு சர்வர்ல ஓட்டுறோம். கன்ஃபிக் ஃபைல் மட்டும் வேற. எந்த ஃபங்ஷன் எப்போ, எங்கே, எத்தனை தடவை ஓடணும்ங்கிறது அதுலதான் இருக்கு. மீன்லயும் கிட்டத்தட்ட அப்படித்தான். தாடை கட்டுற ஜீன்கள் பெரும்பாலும் பொது. அது எந்த இடத்துல, எந்த நேரத்துல, எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதுல வித்தியாசம் வந்தா தலையும் மாறும்.

இதுக்கு நல்ல ஆதாரம் கிடைச்சது நம்ம ஜிலேபி மீனோட குடும்பத்துல. ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்க மீன், 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. அது சிக்ளிட் குடும்பம். மலாவி ஏரியில மட்டும் இந்தக் குடும்பத்துல 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கு. ஒண்ணு பாறையில ஒட்டின பாசியைக் கடிச்சுச் சுரண்டும், தாடை குட்டையா, தடிமனா இருக்கும். இன்னொண்ணு தண்ணியில மிதக்கிறதை உறிஞ்சும், தாடை கொஞ்சம் நீளமா, மெலிசா இருக்கும்.

2005-ல ஆல்பர்ட்சன், ஸ்ட்ரீல்மன், காக்கர், அவங்க குழு இந்த ரெண்டு வகையையும் ஒப்பிட்டாங்க. கடிக்கிற மீனோட தாடையில பிஎம்பி4-ங்கிற ஜீன் கூடுதலா வேலை செஞ்சது. அதே ஜீனை வரிக்குதிரை மீன் கருவுல தூக்கலா வேலை செய்ய வெச்சுப் பார்த்தப்போ, அதோட தாடையும் அதே திசையில மாறிச்சு. இதுக்கு முந்தின வருஷம் டார்வின் பிஞ்ச் குருவிகளோட அலகிலயும் இதே ஜீன்தான் மாட்டிச்சு. ஜீன் அதிகமா வேலை செஞ்ச இனத்துக்குத் தடிச்ச அலகு. குருவிக்கும் மீனுக்கும் ஒரே நாப்!

இதுல இன்னொரு ட்விஸ்ட் இருக்கு. அந்த நாபைத் திருப்புறது பரம்பரை மட்டும் இல்ல, சாப்பாடும்தான். சிக்ளிட் மீன்களுக்குத் தொண்டைக்குள்ள இரண்டாவதா ஒரு தாடை உண்டு. ஆப்பிரிக்காவுல நத்தையை நொறுக்கித் தின்கிற ஒரு இனத்தைச் சின்னதுல இருந்தே மெதுவான தீனி போட்டு வளர்த்தா, தொண்டைத் தாடை மெலிசா வருது. நத்தை கொடுத்தா தடிச்சு, பல்லெல்லாம் தட்டையா அகலமா வருது. 2013-ல இந்த ரெண்டு கூட்டத்தோட தாடையிலயும் எந்தெந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்தாங்க. ஒரே இனம்தான், ஆனா நிறைய ஜீன்களோட அளவு வேற. ஜிம்முக்குப் போற பையன், போகாத பையன் கதைதான்.

சரி, கண்மாய்க்குத் திரும்புவோம். இந்த மூணு கெண்டையும் நின்ன தண்ணியில முட்டை போடாது, மழைக்காலத்து ஆத்து வெள்ளம் வேணும். அதனால ஒரு காலத்துல குஞ்சை ஆத்துலதான் அரிச்சு எடுத்தாங்க. 1957 ஜூலை 10-ந் தேதி ஒடிசாவுல அங்குல்ங்கிற ஊர்ல ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் இந்தக் கெண்டைகளைத் தூண்டி முட்டை போட வெச்சாங்க. எப்படி? வேற மீன் தலைக்குள்ள, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அந்தச் சாற்றை ஊசியில ஏத்தி. இன்னைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். கண்மாய்க்குக் குஞ்சு காசு கொடுத்தா கிடைக்குதுன்னா, காரணம் அந்த வேலைதான்.

அந்த டெக்னிக் வந்ததும் அடுத்த ஆசையும் வந்துச்சு. கட்லா சீக்கிரம் வளரும், ஆனா எடையில பாதி தலைக்கே போற மாதிரி தோணும். ரோகுவுக்குச் சின்னத் தலை. ரெண்டையும் கலந்தா? கலந்தாங்க. வேகமா வளர்ற, தலை சிறுத்த, சதை கூடின கலப்பு மீன் கிடைச்சது. தனியா வளர்த்து விக்கிறதுக்கு அது நல்ல மீன்தான்.

பிரச்சினை, ஹாட்சரியில தெரியாம நடக்கிற கலப்புல. ஒரே தொட்டியில ரெண்டு இனத்துக்கும் ஊசி போட்டு விட்டா முட்டையும் விந்தும் கலந்துரும். இந்தியாவுலயும் வங்கதேசத்துலயும் ஹாட்சரி மீன்களை மரபணு அளவுல சோதிச்சப்போ இந்தக் கலப்பு பிடிபட்டிருக்கு. கலப்பு மீனுக்கு வாயும் நடுவாந்தரமா இருக்கும். கட்லா அளவுக்கு மேல் தண்ணியை வடிகட்டாது, ரோகுவோட போட்டிக்கும் நிக்கும்.

குஞ்சு விரல் அளவுல இருக்கிறப்போ கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். குத்தகைக்காரர் மூணு மாடிக்கும் வாடகை கொடுத்துட்டு, ரெண்டு மாடியில மட்டும் ஆள் வெச்ச மாதிரி ஆயிரும். மேல்மாடி இரை வீணாப் போகும், நடுமாடியில தள்ளுமுள்ளு. கோடையில வலை போடுறப்போதான் எடை குறையுறது தெரியும். அப்போ கண்மாயில தண்ணியும் இருக்காது, இன்னொரு தடவை விடுறதுக்கு நேரமும் இருக்காது.

இன்னும் பெரிய விஷயம், இந்தக் கலப்பு இனப்பெருக்கம் செய்யும். ஹாட்சரியில தாய் மீனாவே அது உக்காந்துட்டா, ஒவ்வொரு தலைமுறையும் கலங்கும். ஆத்துக்குத் தப்பிச்சா அங்கேயும்தான். கோட்ல தப்பான கன்ஃபிக் போனா ரோல்பேக் பண்ணிக்கலாம். ஆத்துக்கு ரோல்பேக் கிடையாது. எத்தனையோ ஆயிரம் தலைமுறையா செட் ஆன அந்த அளவுகள் ஒருதடவை கலந்துட்டா, பிரிச்செடுக்க வழியில்ல.

அதனால உங்க ஊர்ல, உங்க சொந்தக்காரங்க யாராவது கண்மாயோ பண்ணைக்குட்டையோ எடுத்திருந்தா, ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க: "தாய் மீனை இனம் இனமா தனித்தனியா வெச்சுத்தான் முட்டை எடுக்கிறீங்களா?" குஞ்சு ஒண்ணு எவ்வளவுன்னு கேக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேக்கணும்.

நீங்க மீன் வாங்கப் போனாலும், வெட்டுறதுக்கு முன்னாடி வாயைக் கொஞ்சம் பாருங்க. மேல பார்த்தா மேல் தண்ணி, கீழ பார்த்தா தரை. ரெண்டும் இல்லாம குழப்பமா இருந்தா, கடைக்கார அண்ணன்கிட்ட இது எந்தப் பண்ணை மீன்னு கேளுங்க. பதில் என்ன வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.